நயா பைசா வந்த கதை

“கையில் நயா பைசா இல்லை” என்று இன்றும் சொல்கிறோம். “நயா” என்றால் இந்தியில் “புதிய” என்று பொருள்.

முன்பு ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 4 காலணா. உலகப்போரில் உலோகத் தட்டுப்பாடு வந்ததால், 1943-ல் நடுவில் துளை போட்டுக் காலணா அடித்தார்கள். அதுதான் பேர்போன “ஓட்டைக் காலணா”!

1957 ஏப்ரல் 1-ந் தேதி கணக்கு மாறியது. ரூபாய்க்கு 100 பைசா. பழைய காலணாவுக்கும் “பைசா” என்ற பெயர் உண்டு. குழப்பம் வராதிருக்க, புதியதை “நயா பைசா” என்றார்கள்.

நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50. இதில் தொல்லை இல்லை. சில்லறையில்தான் வந்தது வினை!

ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? அணாவுக்கு 6 என்று வைத்தார்கள். காலணாவுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். அதை 2 ஆக்கினார்கள்.

விளைவு என்ன? ஓர் அணாச் சாமானை மொத்தமாக வாங்கினால் 6 நயா பைசா. அதையே காலணா காலணாவாக நாலு தடவை வாங்கினால் 8! அப்படி வாங்குகிறவர் யார்? அன்றாடங்காய்ச்சிதானே!

1964-ல் “நயா” நீங்கி, வெறும் “பைசா” ஆயிற்று. 25 பைசாவும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயிற்று. 50 பைசாவை மட்டும் பெரியவர்கள் இன்னும் “எட்டணா” என்கிறார்கள்.