டர்போ காரின் புகைக்குழாயை மாற்றலாமா?

ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து, இன்று பாசிர் கூடாங் போன்ற ஊர்களில் தொழிற்சாலை வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் டர்போ கார் வாங்க ஆசைப்படுகிறார்கள். 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021இல் வந்த பெரோடுவா அத்திவா ஆகியவை டர்போ எஞ்சினுடன் வந்தவை. வாங்கிய கொஞ்ச நாளில், "டவுன்பைப்பை மாற்று, கார் பறக்கும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். இதில் பணமும் உண்டு, உயிரும் உண்டு. ஆகவே வீட்டிலுள்ள எல்லாரும் இதைத் தெரிந்துகொள்வோம்.

முதலில், டர்போ என்றால் என்ன? அடுப்பில் ஊதாங்குழலால் ஊதினால் விறகு நன்றாக எரிகிறதல்லவா? அதுபோல எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவியே டர்போ. அதிகக் காற்று சென்றால் அதிக எரிபொருளை எரிக்கலாம், சக்தி கூடும். இதைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையே. வீணாய்ப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த வழிக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்பிரெட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். சிறிய கார்களில் டர்போவின் சக்கரம் நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும்.

டர்போவை விட்டு வெளிவரும் புகையை ஏற்கும் முதல் குழாய்தான் டவுன்பைப். அடுப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டால் தீ திணறும். அவ்வாறே, இக்குழாய் ஒடுக்கமாக இருந்தால் புகை தேங்கி, டர்போ மந்தமாகச் சுழலும். அகலமான குழாய் போட்டால் விரைவில் வேகம் பிடிக்கும். இது உண்மைதான். ஆனால் எஞ்சினின் கணினியையும் அதற்கேற்பச் சரிசெய்யாவிட்டால் முழுப் பயன் கிடைக்காது.

ஆபத்து எங்கே இருக்கிறது? பல கார்களில் இக்குழாயோடு சேர்ந்தே புகைசுத்தி அமைந்திருக்கும். அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். அவை கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவைத் தீங்கு குறைந்த வாயுவாக மாற்றுகின்றன. சில பட்டறைகளில் புகைசுத்தியையே கழற்றிவிட்டு வெறுங்குழாய் பொருத்துவார்கள். நிறமோ மணமோ இல்லாத அந்த நச்சு அப்போது அப்படியே வெளியேறும். அது இரத்தத்தில் கலந்து, பிராணவாயு சேரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பொருத்திய மூட்டு கசிந்தால் காருக்குள்ளும் புகலாம். குளிர்சாதனம் ஓட, நிறுத்திய காரில் குழந்தைகளைத் தூங்க வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எந்தக் காரிலும் இது ஆகாது. இத்தகைய காரில் சிறிதும் ஆகாது.

சட்டமும் கேள்வி கேட்கும். வாகன இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டிலும், பெட்ரோல் எஞ்சின் புகைக்கு 1996ஆம் ஆண்டிலும் மலேசியாவில் விதிகள் இயற்றப்பட்டன.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. பட்டறையில் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். புதிய குழாயில் புகைசுத்தி உண்டா? கணினியை யார் சரிசெய்வார்? பொருத்தியபின் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பீர்களா? நேரான பதில் கிடைக்காவிட்டால் பணத்தைக் கையிலேயே வைத்திருக்கட்டும். காலத்தில் எண்ணெய் மாற்றி, காற்றுவடிகட்டியைச் சுத்தமாக வைத்திருந்தாலே டர்போ நெடுநாள் உழைக்கும். கார் விரைந்து போவதைவிட, அதில் போனவர்கள் நலமாக வீடு திரும்புவதே நமக்கு முக்கியம்.