பத்துச் சல்லடைகள் சொல்லும் வியாபாரப் பாடம்



உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். தனி ஆளாக வியாபாரம் செய்பவர். சரக்கு எடுப்பவர் அவரே, விற்பவர் அவரே, கணக்குப் பிள்ளையும் அவரே. ஆனால் அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. அவருடைய தலைக்குள் இருக்கிறது. அவர் காய்ச்சலில் படுத்தால் கடை பூட்டப்படுகிறது. அதனினும் பெரிய சோதனையாக, அவர் திடீரென மௌத்தாகிவிட்டால்? வரவேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று மனைவிக்கும் தெரியாது, மக்களுக்கும் தெரியாது. "மையித்துக்குக் கடன் ஏதும் உண்டா?" என்று கேட்கப்படும் அந்த வேளையில், குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதை நம்மில் எத்தனையோ பேர் கண்டிருக்கிறோம்.

தனி ஆள் செய்யும் தொழில் என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டுமா? இல்லை. இதற்கான விடை நம் முன்னோர் கையாண்ட பித்தளைச் சல்லடைகளில் இருக்கிறது.

முத்து வியாபாரியின் பாய்

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை என நீளும் நம் கடற்கரை முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் பற்றியும் முத்துக் குளிப்பைப் பற்றியும் எழுதி வைத்துள்ளார். பரதவர்களும் முஸ்லிம்களும் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தனர். கரையில் நடந்த முத்து வாணிபத்தில் நம் மரைக்காயர்கள் பெயர் பெற்று விளங்கினர்.

ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில், அரசின் பங்காகக் கிடைத்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. ஏலத்தில் எடுத்தவர் அவற்றை அழுக விட்டுக் கழுவி முத்துக்களைப் பிரித்தெடுப்பார். பிறகு அவர் முன் விரித்த துணியில் பட்டாணி அளவு முதல் மணற்பொடி அளவு வரை எண்ணற்ற முத்துக்கள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து விலை சொல்லப் புகுந்தால் ஆயுள் போதுமா?

அதற்குத்தான் 'பெட்டி' எனப்பட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. எல்லாம் கிண்ணம் போன்ற வடிவம். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. துளைகளின் எண்ணிக்கைதான் வேறுபடும்: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. துளைகள் பெருகப் பெருக அவை சிறுத்துக்கொண்டே போகும். முதலில் 20ஆம் சல்லடை. அதில் தங்கியவை மிகப் பெரிய முத்துக்கள். கீழே விழுந்தவை அடுத்த சல்லடைக்குப் போகும். 1000ஆம் சல்லடையிலும் தங்காமல் விழுபவை 'தூள்'.

அளவு பிரித்த பின் தரம் பிரிப்பார்கள். உருண்டையும் ஒளியும் குறையாதது ஆணிமுத்து. அதற்குக் கீழே பல தரங்கள். அதன் பின்னர் மஞ்சாடி, கழஞ்சுக் கணக்கில் எடை; 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. இறுதியில் விலைக் கணக்கு. எடையை அதே எடையால் பெருக்கி, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுப்பது அதன் அடிப்படை. 20 மஞ்சாடி எடைக்கு 10 முத்துக்கள் இருந்தால் 400ஐ 10ஆல் வகுக்க 40 வரும். அதே எடைக்கு 20 முத்துக்கள் இருந்தால் 20தான் வரும். பெரிய முத்துக்கே மதிப்பு அதிகம் என்பதை இந்த வாய்பாடு தானே சொல்லிவிடுகிறது!

முறை எதற்கு?

சிந்தித்துப் பாருங்கள். சலித்தல், தரம் பிரித்தல், நிறுத்தல், கணக்கிடல் என்னும் இந்த வரிசை நாள்தோறும் மாறவில்லை. அதனால் மூன்று நன்மைகள் விளைந்தன. நேற்றைய முத்துக்கும் இன்றைய முத்துக்கும் அளவுகோல் ஒன்றாக இருந்தது. வாங்குபவரும் அதே சல்லடையில் சலித்துச் சரிபார்க்க முடிந்தது, நம்பிக்கை வளர்ந்தது. மூன்றாவதாக, வாப்பாவின் அருகில் அமர்ந்த மகன் அந்த வரிசையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ள முடிந்தது.

அப்படியானால் வியாபாரியின் திறமைக்கு இடமில்லையா? உண்டு. அரிய ஆணிமுத்தை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து மதிப்பிட அனுபவம் முதிர்ந்த கண்தான் வேண்டும். ஆயிரம் சிறு முத்துக்களைச் சல்லடை பார்த்துக்கொண்டதால்தான், அந்தக் கண் ஓர் ஆணிமுத்துக்காக ஓய்வாக இருந்தது.

இன்றைய வீட்டுக்கு

காயல்பட்டினத்தில் ஒரு சகோதரி வீட்டிலிருந்தே மாசிச் சம்பல் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் வளைகுடாவில். மிளகாய் கைப்பிடி அளவு. விலை அன்றைய மனம்போல. பணம் சில நேரம் கைக்கு, சில நேரம் செல்பேசிக்கு. 'போன முறை போல் இல்லையே!' என்று ஒருவர் குறை சொல்கிறார். 'நான் பணம் அனுப்பிவிட்டேனே!' என்று மற்றொருவர் வாதிடுகிறார்.

அந்தச் சகோதரி முதலில் ஒரு வாரம் தாம் செய்யும் ஒவ்வொரு வேலையையும் குறித்துவைக்கட்டும். மீண்டும் மீண்டும் வருபவை எவை என்பது தெரிந்துவிடும். மாசி, மிளகாய், தேங்காய் ஆகியவற்றைத் தராசில் நிறுத்து, செய்முறையை ஒரு தாளில் வரிசையாக எழுதட்டும். விலையை அடக்கச் செலவு பார்த்து ஒருமுறை தீர்மானிக்கட்டும். ஆர்டர் வந்ததும் பெயர், அளவு, தொகை, பணம் வந்ததா என்ற நான்கையும் எழுதிய பின்பே அடுப்பை மூட்டட்டும். இரவில் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, செல்பேசிக்கு வந்த பணத்தையும் ஏட்டையும் ஒப்பிடட்டும். வீட்டுப் பணமும் வியாபாரப் பணமும் ஒரே டப்பாவில் கலக்க வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. அந்தத் தாளை மகளிடம் கொடுத்து, "நீயே செய்" என்று சொல்லிவிட்டு விலகி நிற்கட்டும். "உம்மா, எவ்வளவு நேரம் வறுக்கணும்?" என்று மகள் கேட்டால், தாளில் விடுபட்ட வரி அதுதான். அதையும் எழுதிச் சேர்க்கட்டும். மகள் கேள்வி கேட்காமல் செய்து முடிக்கும் நாளில், உம்மா நோயில் படுத்தாலும் வியாபாரம் படுக்காது.

வருடத்தில் ஒருநாளைக் குறித்து, இருப்புச் சரக்கை எண்ணி ஜகாத்துக் கணக்குப் பார்ப்பவருக்கும் இந்த ஏடு கைகொடுக்கும். நாற்பதில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை.

காலம் மாறும்போது

ஓர் எச்சரிக்கையும் தேவை. முறை நன்றாக இருந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 1893இல் ஜப்பானியரான மிகிமோட்டோ சிப்பிக்குள் அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்தார். பின்னர் உருண்டை வளர்ப்பு முத்துக்கள் சந்தைக்கு வந்து, இயற்கை முத்தின் விலையைச் சரித்தன. நம் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே இறுதியானவை. 1973இல் அதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. சல்லடையில் குறை இல்லை, உலகம் மாறிவிட்டது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் தாளை எடுத்து, 'இது இன்றும் பொருந்துமா?' என்று கேளுங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதி வைக்கப்பட்ட வியாபாரம், பின்னால் வருபவர்களிடம் நாம் ஒப்படைக்கும் அமானிதம்.

இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். நாளைக் காலையில் நீங்கள் முதலில் செய்யும் வேலை எதுவோ, அதை முதல் வரியாக எழுதுங்கள். மற்ற வரிகள் இன்ஷா அல்லாஹ் தாமே தொடரும்.