கேட்டுச் சொல்கிறேன், அக்கா

விழிஞ்ஞம் கடற்கரை. மாலை நேரம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு அக்கா வருகிறார்.

"தம்பி, எனக்கு இறால் ஆகாது. வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடலாமா?"

"தாராளமா சாப்பிடலாம் அக்கா. அது சைவம்தானே!"

தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் இறால் பொரித்த எண்ணெயில்தான் பஜ்ஜியும் வெந்தது. அது அவருக்குத் தெரியாது. சற்று நேரத்தில் அக்காவின் உதடு வீங்குகிறது. மூச்சுத் திணறுகிறது.

இதுதான் ஒவ்வாமை. அலர்ஜி என்றும் சொல்வோம். சிலருடைய உடல் ஓர் உணவைப் பகையாக நினைத்து எதிர்க்கும். சிறிதளவு சேர்ந்தாலே போதும். இறாலைப் பொரித்தாலும் இந்த ஆபத்து நீங்காது. உயிரே கூடப் போகலாம்.

எந்தெந்த உணவுகள் இப்படிச் செய்யும்? இந்திய அரசின் 2020 உணவு விதி 8 வகைகளைச் சொல்கிறது. கோதுமை போன்ற தானியங்கள், இறால் - நண்டு, பால், முட்டை, மீன், நிலக்கடலை - முந்திரி வகை, சோயா, சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள். பாக்கெட் உணவில் இவை இருந்தால் உறையில் அச்சிட வேண்டும். நம் ஊர்ச் சிப்பி இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதுவும் சிலருக்கு ஆகாது.

தட்டில் வரும் உணவுக்கு உறை ஏது? பரிமாறுபவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கேரளத்தில் 2023 முதல் உணவுக் கடைத் தொழிலாளர்களுக்கு ஹெல்த் கார்டு கட்டாயம். தொழிலாளிக்குத் தொற்றுநோய் இல்லை என்று அது காட்டும். ஒவ்வாமையைப் பற்றிக் கற்றுத் தராது. 25 தொழிலாளருக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஆனால் நம் மேசைக்கு வருபவர் அந்த ஒருவர்தானா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2009-இல் இதற்கென்றே சட்டம் செய்தது. இங்கும் சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயமாக வேண்டும்.

பயிற்சியில் என்ன கற்கலாம்?

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது. "கேட்டுச் சொல்கிறேன், அக்கா" என்று சொல்லிச் சமையல்காரரிடம் கேட்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவருக்குத் தனி எண்ணெய், தனிச் சட்டி, தனிக் கரண்டி வேண்டும்.

வீக்கமும் மூச்சுத் திணறலும் கண்டால் கைவைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சாப்பிடப் போகும் நாமும் நமக்கு ஆகாததை முதலிலேயே சொல்லுவோம். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்டுச் சொல்வதிலும் வெட்கம் இல்லை.