லேப்டாப் ஆன் ஆகலையா? கொஞ்சம் பொறுங்க!

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



போன மாதம் எங்க வீட்டு லேப்டாப் செத்துப்போச்சு. அதாவது, செத்துப்போச்சுன்னு நாங்க நினைச்சோம். 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படித்த அண்ணன், அக்காக்களுக்குக் கிடைத்த லேப்டாப் நம்ம ஊரில் பல வீட்டில் இன்னும் இருக்கு. சில வீட்டில் பரண் மேலே தூங்குது. அதனால் எங்க வீட்டில் நடந்ததை எழுதினால் உங்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அது எங்க அக்காவோட லேப்டாப். அவளுடைய போட்டித் தேர்வு நோட்ஸ், அம்மாவோட மகளிர் குழுக் கணக்கு எல்லாம் அதிலேதான். ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் லைட் எரியுது, ஃபேன் சுத்துற சத்தம் கேட்குது, திரை மட்டும் கறுப்பு. டவுனில் ஒரு கடையில் காட்டினோம். "மதர்போர்டு போயிடுச்சும்மா, ஆறாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா ஒண்ணும் பேசவில்லை. ராத்திரி காதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அவர் வயரிங் வேலை பார்ப்பவர். "அவசரப்படாதீங்க அண்ணி. எது எது நல்லா இருக்குன்னு முதல்ல பார்ப்போம். மிச்சம் இருக்கிறதுதான் கெட்டது" என்றார். இதுதான் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

முதலில் சார்ஜர். அதன் டப்பாவிலேயே 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. மல்ட்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளி உலோகத்திலும் வைத்தால் 19-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. சார்ஜர் நல்லா இருக்கு. (ஒருவேளை உங்க வீட்டில் சார்ஜர்தான் போயிருந்தால், புதுசு வாங்கும்போது வோல்ட் அதே அளவு இருக்கணும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.)

அடுத்து திரை. வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தோம். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சம் மட்டும் போயிருக்கு என்று அர்த்தம். எங்களுக்கு ஒண்ணும் தெரியலை. பக்கத்து வீட்டு டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்தும் பார்த்தோம். அதிலும் படம் இல்லை. அப்போ கோளாறு திரையில் இல்லை. கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டினால் அதன் குட்டி விளக்கு எரிந்து அணையணும். அணைந்தே கிடந்தது. அதாவது மெஷின் கிளம்பவே இல்லை, பாதி வழியிலேயே நிற்குது.

இந்த இடத்தில் போர்டும் காரணமாக இருக்கலாம், ரேமும் காரணமாக இருக்கலாம். ரேம் என்பது மெஷின் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். அது சரியாகத் தொடர்பில் இல்லாவிட்டால் மெஷின் எதையும் ஆரம்பிக்காது, திரையும் கறுப்பாகவே நிற்கும். போர்டு போனாலும் இதே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் ஆறாயிரம் கொடுக்கும் முன் ரேமைப் பார்க்கணும்.

சார்ஜரைப் பிடுங்கினோம். பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் கழற்றி, எது எங்கே இருந்ததுன்னு நான் நோட்டில் படம் வரைந்து வைத்தேன். ஏன்னா நீளமான ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முடுக்கினால் உள்ளே ஓட்டை போட்டுவிடுமாம். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை எடுத்தோம். பிறகு பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தோம். உள்ளே மிச்சம் இருக்கிற மின்சாரம் அதில் வடிந்துவிடும். சில மெஷின் இது மட்டும் செய்தாலே உயிர் வந்துவிடுமாம். கையால் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க விட்டார் சித்தப்பா. நம்ம உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். (எட்டாம் வகுப்பில் சீப்பை உரசிக் காகிதம் தூக்கினோமே, அதேதான்!)

ரேமின் இரண்டு பக்கமும் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து எழும்பும். அடியில் தங்கநிறப் பல்வரிசை. அது மங்கிப்போய் இருந்தது. என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கறுத்துப்போச்சு! துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சாய்வாகச் செருகி, கிளிக் என்று கேட்கும்வரை கீழே அழுத்தினோம்.

பேட்டரியை இணைத்துப் பட்டனை அழுத்தினோம். கறுப்பு. அக்கா எழுந்து போயிட்டா. ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, திரையில் எழுத்து வந்துவிட்டது. அம்மா அடுப்படியில் இருந்து ஓடிவந்தாங்க.

தேதி மட்டும் பழைய வருஷத்தைக் காட்டியது. அது உள்ளே இருக்கும் 3 வோல்ட் வில்லை பேட்டரி தீர்ந்ததால் வருவது. தேதி தப்பாக இருந்தால் இணையத்தில் பாதி பக்கம் திறக்காது, பாதுகாப்பு இல்லை என்று சொல்லும். சரிசெய்ததும் திறந்தது.

வீட்டில் தொடக்கூடாததும் ஒண்ணு இருக்கு. பேட்டரி உப்பிப்போய், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, குத்தவும் கூடாது. தீப்பிடிக்கும். ஹார்டு டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் வேறெதுவும் செய்யாமல் முதலில் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிடணும். அக்கா அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டாள்.

தண்ணீர் கொட்டினால் உடனே சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வையுங்க. இரண்டு நாளாவது ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது. இந்த ஆசைதான் பல லேப்டாப்பைக் கெடுக்குது.

எங்க லேப்டாப் இன்னும் சூடாகுது. ஃபேன் இறக்கையை ஈர்க்குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி எடுத்தோம் (தடுக்காமல் ஊதினால் வேகமாகச் சுற்றி ஃபேன் கெட்டுவிடும்). கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பிராசஸருக்கும் செம்புத் தகடுக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும் என்று சித்தப்பா சொல்றார். புது டியூப் வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார். அதுவரைக்கும் அக்கா லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காமல், அரிசி முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துப் படிக்கிறாள்.