சம்மட்டியால் அடித்தாலும் நசுங்காத கார்... பசை விட்டதால் கழன்ற கதை!

2019 நவம்பர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே டெஸ்லாவின் சைபர்டிரக் அறிமுக விழா. மேடையில் நின்ற வண்டியின் கதவைச் சம்மட்டியால் ஓங்கி அடித்துக் காட்டினார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கதவு நசுங்கவே இல்லை. அடுத்து இரும்புக் குண்டை எறிந்தபோது ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது தனிக்கதை!

அந்த ஸ்டீல் உடம்புக்கே 2025 மார்ச்சில் சோதனை வந்தது. அமெரிக்காவில் 46,096 சைபர்டிரக்குகளைத் திரும்ப அழைத்தது டெஸ்லா. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை தயாரான வண்டிகள் இவை.

என்ன பிரச்னை?

முன்கண்ணாடியின் பக்கவாட்டில், கூரை விளிம்பை ஒட்டி ஒரு ஸ்டீல் பட்டை ஓடும். அது பசையால் ஒட்டப்பட்டிருந்தது. வெயிலும் குளிரும் பட்டு அந்தப் பசை இறுகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. முதலில் 'கடகட'வென்று சத்தம் வரும், பிறகு பட்டை ஆடும், கடைசியில் ஓடும்போதே கழன்று விழலாம். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு ஸ்டீல் தகடு பறந்தால், பின்னால் பைக்கில் வருபவரின் கதி என்ன? நல்லவேளையாக, யாருக்கும் காயம் என்று அப்போது தகவல் இல்லை.

பசை கோளாறு புதிதல்ல

2020 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பம் புத்தம்புது மாடல் ஒய் காரை ஷோரூமிலிருந்து வீட்டுக்கு ஓட்டிச் சென்றபோது, வழியிலேயே அதன் கண்ணாடிக் கூரை பறந்துபோனது. அடுத்த மாதமே 9,136 மாடல் எக்ஸ் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஒட்டுவதற்கு முன் பூச வேண்டிய பிரைமரைப் பூசாததால், கூரையின் அலங்காரப் பட்டைகள் கழன்று விழும் அபாயம் இருந்தது. 2024 ஜூனில் சைபர்டிரக்கின் பின்பக்கப் பட்டைக்காக 11,383 வண்டிகள். 2025 அக்டோபரில் முன்கண்ணாடிக்கு மேல் ஒட்டிய லைட் பாருக்காக 6,197 வண்டிகள். அதிலும் தப்பான பிரைமர்தான் காரணம்.

அப்படியென்றால் பசையே தப்பா? இல்லை. பெட்ரோல் கார்களிலும் கண்ணாடி முதல் கூரை வரை பசை உண்டு. எடை குறையும், இரண்டு வேறு உலோகங்களை இணைக்கலாம், போல்ட் தலை வெளியே தெரியாது. ஆனால் பரப்பைச் சுத்தம் செய்வது, பிரைமர் பூசுவது, காயவிடுவது என எதில் அவசரம் காட்டினாலும் பசை பிடிக்காது.

மின்சார கார்களின் பல கோளாறுகளை சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்பியே சரிசெய்துவிடுகிறார்கள். ஆடும் தகட்டுக்கு அது உதவாது. சர்வீஸ் சென்டருக்குத்தான் போகவேண்டும். சைபர்டிரக்குக்குக் கிடைத்த தீர்வும் பழைய வைத்தியம்தான்: புதுப் பட்டை, வேறு பசை, கூடவே நட்டும் போல்ட்டும்!

நாம் என்ன செய்யலாம்?

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் ஷோரூம் திறந்துவிட்டது. மற்ற கம்பெனிகளின் மின்சார கார்களும் நம் தெருக்களில் ஓடுகின்றன. எந்த கம்பெனி கார் என்றாலும் இவற்றைக் கவனியுங்கள்:

* டெலிவரி எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் கதவு, பானெட், கூரை இடைவெளிகளைப் பாருங்கள். இருபக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

* இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்ன 'கடகட'வும் காதில் விழும். 'பழகிடும்' என்று விடாதீர்கள்.

* முதல் வாட்டர் வாஷுக்குப் பிறகு டிக்கி, கால்மிதிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா எனத் தொட்டுப் பாருங்கள்.

* பேட்டரி பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கும். வேகத்தடையில் அடிபட்டால் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

* புகாரை வாய்வழியாகச் சொல்லாமல் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். போட்டோ, வீடியோ கட்டாயம்.

எழுதிவைப்பதற்குப் பலன் உண்டு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசே உத்தரவிடலாம். 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கான இந்த விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. ஒரே மாடலில், ஒரே குறைக்கு எத்தனை புகார்கள் வந்துள்ளன என்பதுதான் இதில் கணக்கு.

உங்கள் காரில் ஆடும் ஒரு பட்டையைப் பற்றி நீங்கள் எழுதித்தரும் நாலு வரி, முகம் தெரியாத ஒரு பைக்காரரின் உயிரைக் காப்பாற்றலாம்!