டிசைன் கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் ஒரு வியாபாரி பார்க்க வேண்டிய கணக்கு

இந்தப் பத்தியில் வழமையாக சரக்குக் கொள்முதல், வரி, வங்கிக் கடன், கடை வாடகை என்று எழுதி வருகிறேன். இம்முறை ஒரு படிப்பைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அண்மைக் காலமாக என்னைச் சந்திக்கும் வியாபார நண்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “மகள் பெஷன் டிசைன் படிக்க வேண்டுமென்கிறாள். தனியார் கல்லூரியில் இத்தனை லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?” மகன் என்றால் கிரபிக் டிசைன் அல்லது இன்டீரியர் டிசைன். கேள்வி மட்டும் ஒன்றுதான்.

பத்து லட்சம் ரூபாவுக்குச் சரக்கு எடுப்பதென்றால் நாம் நாலு கடை ஏறி இறங்குவோம். மாதிரி பார்ப்போம், விலை பேசுவோம், தவணை கேட்போம். அதைவிடப் பெரிய தொகையைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கும்போது மட்டும் அழகாக அச்சடித்த கையேட்டையும் குளிரூட்டிய வரவேற்பறையையும் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டு விடுகிறோம். என் மகளுக்கும் சகோதரியின் மகனுக்கும் விண்ணப்பித்தபோது பல கல்லூரிகளுக்கு ஏறி இறங்கினேன். அப்போது கேட்டும் தேடியும் அறிந்தவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

இந்தப் படிப்பால் நமக்கு என்ன பயன்?

வரைவது ஒரு பொழுதுபோக்கு, அதற்கு எதற்குப் பட்டம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். ஆனால் இலங்கையின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைகளுக்கே. பெரிய ஆடை நிறுவனங்கள் சொந்தமாக வடிவமைப்புப் பிரிவுகளையே வைத்திருக்கின்றன. சீனன்கோட்டையில் கல் வியாபாரம் செய்பவர்களுக்கு, கல்லாக விற்பதற்கும் நகையாக விற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை. மருதமுனையில் தறி வைத்திருப்பவர்களுக்கு நெசவு கைவந்த கலை. ஆனால் எந்த நிறம், எந்தக் கோடு அடுத்த வருடம் விற்கும் என்று முடிவு செய்பவர் வேறொருவராக இருந்தால் இலாபத்தின் பெரும் பங்கும் அவருக்கே போகும்.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பார்பரா சன்சோனி என்ற ஓவியர் 1964 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பெயார்புட்’ நிறுவனம், அதே கைத்தறியில் அதே நூலை வைத்துத்தான் துணி நெய்தது. வித்தியாசம் அவர் தேர்ந்த நிறங்களில் இருந்தது. அவர் 2022 இல் காலமாகி விட்டார். கொழும்பு காலி வீதியில் உள்ள அக்கடையில் வெளிநாட்டவர் இன்றும் வந்து வாங்குகிறார்கள். ஆகவே படிப்பில் பிழையில்லை. எங்கே, என்ன விலைக்கு, எந்தச் சான்றிதழுக்காகப் படிக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் இலவசக் கதவைத் தட்டுங்கள்

தனியார் கல்லூரிக்குப் போவதற்கு முன் அரசாங்கப் பல்கலைக்கழக வழியை ஒருமுறை பார்த்து விடுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கான பட்டமும், ஆடை வடிவமைப்பு மற்றும் உற்பத்தி அபிவிருத்திக்கான பட்டமும் இருக்கின்றன. இவற்றுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, தனியாக ஓர் உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான பொது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு இந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க மறந்து விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது ஒரு வருடத்தைத் தின்றுவிடும். தமிழ் மொழியில் கட்புலக் கலை படிக்க விரும்புவோருக்கு மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நகைத் தொழிலில் இருப்பவர்கள் அரசாங்கத்தின் இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகத்தின் பாடநெறிகளையும் விசாரிக்கலாம்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால், அல்லது பிள்ளை விரும்பும் துறை அங்கே இல்லாவிட்டால், தனியார் கல்லூரியைப் பார்க்கலாம்.

“பதிவு செய்யப்பட்டது” என்றால் என்ன?

கல்லூரிக் கையேட்டில் “அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்” என்று இருக்கும். எங்கே பதிவு என்று கேளுங்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் யாரும் கம்பனி பதியலாம். உங்கள் கடைச் சுவரிலும் ஒரு வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. அது நீங்கள் விற்கும் துணி சாயம் போகாது என்பதற்கு உத்தரவாதமா? கல்லூரியின் கம்பனிப் பதிவும் அப்படித்தான். படிப்பின் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, கல்லூரி தானே பட்டம் வழங்குவதாகச் சொன்னால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். அது வர்த்தமானியில் வரும் விடயம். ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்திருப்பதால் அதே கல்லூரியின் மற்ற எல்லாப் பட்டங்களுக்கும் கிடைத்ததாக ஆகாது.

இரண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகம் அதன் சொந்த நாட்டிலும் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினாலும் ஏற்கப்பட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். கொழும்பில் உள்ள ஏ.ஓ.டி. என்ற வடிவமைப்புக் கல்லூரி, பிரித்தானியாவின் நோர்தம்ப்ரியா பல்கலைக்கழகப் பட்டத்துக்கான கற்கைநெறிகளை நடத்தி வந்தமை இந்த ஏற்பாட்டுக்குப் பலரும் அறிந்த உதாரணம். இத்தகைய கூட்டு ஏற்பாடுகள் காலவரையறை கொண்டவை. உங்கள் பிள்ளை படிப்பை முடிக்கும் வருடம் வரை ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று, டிப்ளோமா, சான்றிதழ் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இருக்க வேண்டும். இது 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி உள்ளது. இதிலும் நிறுவனத்தைப் பதிவது வேறு, பாடநெறியைத் தரப்படுத்தி அங்கீகரிப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். தேசிய தொழில் தகைமையின் 7 மட்டங்களில் பிள்ளையின் பாடநெறி எத்தனையாவது மட்டம் என்றும் கேளுங்கள்.

“கடைசி வருடம் லண்டனில்”

பிரித்தானிய முறையில் சிறப்புப் பட்டம் ஒன்றுக்கு 360 திறமைப் புள்ளிகள் வேண்டும். உயர் தேசிய டிப்ளோமாவுக்கு 240 புள்ளிகள். மீதி 120 புள்ளிகளைக் கடைசி வருடத்தில் பல்கலைக்கழகத்தில் முடித்தால் பட்டம். இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்தக் கடைசி வருடத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் கேள்வி.

புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடை முதலாளியின் மகன் ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் டிப்ளோமா படித்தான். மூன்றாம் வருடம் வெளிநாட்டுக்கு அனுப்புவதாக வாயால் சொன்னார்கள். படித்து முடித்து விண்ணப்பித்தபோது, அந்தப் பல்கலைக்கழகம் அப்படி ஓர் உடன்பாடே இல்லையென்று பதில் எழுதியது. வேறொரு இடத்தில் இரண்டாம் வருடத்திலிருந்து மறுபடி தொடங்கினான். தகப்பனுக்குப் பணம் போனது. மகனுக்கு ஒரு வருடம் போனது. பணத்தைத் திரும்ப உழைக்கலாம். ஆகவே பணம் கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதிலை அச்செடுத்துக் கோவையில் வையுங்கள்.

ஆக்கக் கோவை

வடிவமைப்புக் கல்லூரிகள் பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் பார்ப்பதில்லை. போர்ட்போலியோ எனப்படும் ஆக்கக் கோவையைக் கேட்கின்றன. பிள்ளை செய்த வேலைகளைத் தெரிந்தெடுத்து ஒழுங்காக அடுக்கிய தொகுப்பு அது. நாம் சரக்கு மாதிரிப் புத்தகம் கொண்டு போவது போலத்தான்.

இதில் பெற்றோர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் பார்த்த படத்தை அப்படியே அழகாகப் பிரதி செய்திருந்தால் நேர்முகப் பரீட்சையில் அதற்கு மதிப்பில்லை. பிள்ளை ஒரு பிரச்சினையைப் பார்த்து, நாலு விதமாக யோசித்து, மூன்றை ஒதுக்கி, ஒன்றை ஏன் தெரிந்தெடுத்தான் என்பதைத்தான் பார்க்கிறார்கள். எனவே முடிந்த வேலையுடன் முதற் கீறல்களையும், தவறிப் போன முயற்சிகளையும் சேர்த்து வைக்க வேண்டும். அவற்றைக் குப்பையில் போட்டு விடாதீர்கள்.

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி உண்டு. கடையே பயிற்சிக் களம். சாரன் பெட்டிக்குப் புது உறை, பெயர்ப் பலகைக்கு மும்மொழி எழுத்தமைப்பு, ஒடுங்கிய கடைக்குள் தட்டுகளை மாற்றி அடுக்கும் திட்டம், வெட்டுத் துண்டுகளில் தைத்த பை. என் மகள் எங்கள் கடையின் விலைச் சீட்டைத் திருத்தி வடிவமைத்ததைக் கோவையில் வைத்தாள். நேர்முகத்தில் அதிக நேரம் பேசப்பட்டது அதைப் பற்றித்தான்.

உயிருருவங்களை வரைவது பற்றி நமது வீடுகளில் தயக்கம் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. மனித உருவ வரைதல் கட்டாயமா, எந்தத் துறைக்கு எந்த அளவில் என்று சேருமுன்பே கேளுங்கள். ஆடை வடிவமைப்பில் அது கூடுதலாக வரும். துணி வடிவமைப்பு, நகை, உள்ளக அலங்காரம், எழுத்தமைப்பு ஆகியவற்றில் குறைவு. பூக்கோலம், கேத்திரகணித வடிவம், அறபு எழுத்தணி ஆகியவற்றாலும் நல்ல கோவை அமைக்க முடியும். சேர்ந்த பிறகு சங்கடப்படுவதைவிட முன்னரே பேசித் துறையைத் தெரிவது நல்லது.

கட்டணம்: ரூபாவா, பவுணா?

கட்டண அட்டவணையில் இரண்டு நிரல்கள் இருக்கும். கல்லூரிக்குரியது ரூபாவில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குரியது ஸ்டேர்லிங் பவுணில். இரண்டாவது நிரலில்தான் ஆபத்து இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. பவுண் சுமார் 270 இலிருந்து 450 அளவுக்கு ஏறியது. ஒரு கணக்குக்காக 3,000 பவுண் கட்ட வேண்டியிருந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். 8 லட்சத்து 10 ஆயிரம் ரூபா, இரண்டே மாதத்தில் 13 லட்சத்து 50 ஆயிரமாகி விட்டது. இறக்குமதி செய்பவர்கள் அந்த வருடத்தை மறந்திருக்க மாட்டார்கள். பவுண் கட்டணத்துக்கு எப்போதும் ஒரு மேலதிகத் தொகையை ஒதுக்கி வையுங்கள்.

கையேட்டில் இல்லாத செலவுகளும் உண்டு. நல்ல கணனி, டொலரில் சந்தா கட்டும் மென்பொருள், துணி, நிறம், அச்சுச் செலவு, இறுதி வருடக் கண்காட்சிக்கான தயாரிப்பு, வெளியூர்ப் பிள்ளையென்றால் தங்குமிடம். இரண்டாம், மூன்றாம் வருட மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசினால் உண்மைக் கணக்கு வரும்.

2017 ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் பற்றியும் கேட்கிறார்கள். அது அமைச்சு அங்கீகரித்துத் தெரிந்தெடுத்த அரசசாராப் பட்டப் படிப்புகளுக்கு மட்டுமே. எல்லா டிசைன் பாடநெறிகளுக்கும் கிடைக்குமென்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்த வருட அறிவித்தலில் உங்கள் பாடநெறியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையொப்பமிடுமுன்

கீழ்க்காண்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும்? மாதிரி ஒன்றைக் காட்ட முடியுமா?
2. பிள்ளை இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்? பதிவுக் கட்டணம் எந்த நிலையிலும் திரும்பாதா?
3. கூட்டு ஏற்பாடு இடையில் முடிந்தால், அல்லது கல்லூரி மூடப்பட்டால், மாணவரின் நிலை என்ன?
4. தொழிற்பயிற்சிக்குக் கல்லூரியே இடம் தேடித் தருமா?
5. மாணவர் செய்யும் வடிவங்கள் யாருக்குச் சொந்தம்?

ஐந்தாவது கேள்வியைச் சிறிதாக நினைக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு கைத்தொழில் வடிவத்தை 5 வருடங்களுக்குப் பதிந்து, மேலும் இரண்டு முறை புதுப்பிக்கலாம். மொத்தம் 15 வருடம். உங்கள் பிள்ளை படிக்கும்போது வரையும் ஒரு நகை வடிவமோ துணி வடிவமோ நாளை உங்கள் கடையின் சொத்தாகலாம். அதைப் பகிரங்கமாகக் காட்டுவதற்கு முன்பே பதிவைப் பற்றி விசாரிப்பது புத்திசாலித்தனம்.

எந்தக் கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். “இன்றே கட்டினால் கழிவு” என்றால் அவசரப்படாதீர்கள். அந்த வித்தையை நாமும் பெருநாள் காலத்தில் செய்பவர்கள்தானே. முடிந்தால் ஒரு வருட ஆரம்பப் பாடநெறியில் முதலில் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைக்கு உண்மையான நாட்டமா, வெறும் ஆசையா என்பது அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கல்லூரிக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். மேலே சொன்ன கேள்விகளை அவளே கேட்கட்டும். நாளைக்கு ஒரு வாடிக்கையாளரின் முன்னால் தன் வடிவத்துக்கு விலை சொல்ல வேண்டியவளும் அவள்தான்.