டாண்டலமும் நியோபியமும்

நம் இலக்கண நூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் எனவும் காரணப்பெயர் எனவும் பகுத்தனர். மேனாட்டு விஞ்ஞானிகள் தாம் கண்ட தனிமங்கள் சிலவற்றிற்குப் பழைய யவன புராணங்களினின்றும் பெயரெடுத்து வழங்கினர். அவையெல்லாம் வெறும் இடுகுறியே என்று கருதுவாரும் உளர். அஃது அங்ஙனமன்று என்பதற்கு டாண்டலம், நியோபியம் என்னும் இரு பெயர்களை ஈண்டு ஆராய்வாம்.

டாண்டலஸ் என்பான் தேவரோடு உடனுண்ணும் பேறு பெற்றிருந்தும் பெருங்குற்றம் இழைத்த ஓர் அரசன். மறுமையில் அவன் எய்திய துன்பத்தை ஹோமர் ஒடிஸியின் பதினோராங் காண்டத்துக் கூறுகின்றார். மோவாய்மட்டும் நீரில் நிற்கின்றான். குடிக்கக் குனியின் நீர் வற்றிவிடும். தலைமேல் தாழ்ந்த கனியைப் பறிக்கக் கையெடுப்பின் காற்று அதனை மேலே வீசிவிடும். குற்றம் யாதென ஹோமர் கூறிற்றிலர். தன் மகன் பெலோப்ஸைக் கொன்று தேவர்க்கு ஊனாகப் படைத்தான் என்பது ஒரு கதை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான பிண்டார் என்னும் புலவர், தேவர் மானிட ஊன் உண்டார் எனல் தகாது என்று அதனை மறுத்து, தேவருணவைத் திருடி மாந்தர்க்கு ஈந்ததே அவன் குற்றம் என்றார். தெய்வத்திற்கு இழுக்குரைக்கும் கதையை அந்நாட்டுப் புலவர் ஒருவரே விலக்கியமை சைவ அன்பர்கள் நோக்கற்பாலது.

1802-இல் சுவீடன் நாட்டு எக்கெபெர்க் என்பார் புதியதொரு தனிமத்தைக் கண்டார். அதன் ஆக்ஸைடு மிகுந்த அமிலத்துள் மூழ்கிக் கிடந்தும் அவ்வமிலத்தைச் சிறிதும் தன்னுள் ஏற்றிலது. நீரிடை நின்றும் நீருண்ணாதவன் நினைவுக்கு வர, டாண்டலம் எனப் பெயரிட்டார். இது தெளிவான காரணப்பெயர்.

இதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவினின்றும் வந்த கனிமம் ஒன்றில் ஹாட்செட் என்னும் ஆங்கிலேயர் வேறொரு தனிமம் கண்டு, கொலம்பியம் என வழங்கியிருந்தார். 1809-இல் வொல்லாஸ்டன் இரண்டும் ஒன்றே என முடிவு செய்தார். அம்முடிவு பிழையே எனினும், அவரைக் குறைகூறுதற்கில்லை. இரண்டும் ஒரே கனிமத்துள் கூடிக் கிடப்பன. இவற்றின் அணுக்களும் அளவில் ஏறக்குறைய ஒத்திருத்தலின் பிரித்தறிதல் அரிது.

1844-இல் ஜெர்மானியராகிய ஹைன்ரிஷ் ரோஸே, டாண்டலத்தின் வேறாய் இரு தனிமங்கள் உளவென்று கூறி, டாண்டலஸின் மக்களாகிய நியோபி, பெலோப்ஸ் என்பாரை உட்கொண்டு நியோபியம், பெலோபியம் எனப் பெயரிட்டார். நியோபி மக்கட்பேற்றால் தருக்கி லேட்டோ என்னும் தேவியை இகழ்ந்து, அதனால் மக்களனைவரையும் இழந்து கல்லானவள். அக்கதை ஈண்டுக் காரணமன்று. தந்தை மகள் உறவே காரணம். இன்றைய தனிம அட்டவணையில் நியோபியம் 41-ஆம் எண்ணும் டாண்டலம் 73-ஆம் எண்ணும் பெற்று ஒரே நிரலில் மேலுங் கீழுமாக நிற்றலின், அவ்வுறவு பொருளிலும் மெய்யாயிற்று.

பெலோபியமோ தனித்ததொரு பொருளன்று என்பது பின்னர்ப் புலனாயிற்று. தருக்க நூலார் கூறும் முயற்கோடு போலச் சொல் உண்டு, பொருள் இல்லை. எனவே அப்பெயர் வழக்கொழிந்தது.

ஹாட்செட் கண்டதும் ரோஸே நியோபியம் என்றதும் ஒரே தனிமமே. ஒரு பொருட்கு இரு பெயர் நெடுங்காலம் வழங்க, 1949-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய ரசாயன மாநாடு நியோபியம் என்பதையே தெரிந்தெடுத்தது. முன்னர்க் கண்டவர் இட்ட பெயர்க்கு உரிமை மிகுதி என்பது நம் கருத்து. அமெரிக்க உலோக நூலார் அதன்பின்னரும் பல்லாண்டு கொலம்பியம் என்றே எழுதிவந்தனர்.